பொருந்தாத ஓம்களோடு ஒரு பிழைப்பு

வால்வு டிரான்ஸ்மிட்டர் ரிப்பேர்காரனிடம் ஷாக் அடித்த கதை ஒன்றுகூட இல்லையென்றால், அவன் தொழிலுக்குப் புதுசு. நான் மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசிக் கிடங்கின் மாடியில் உட்கார்ந்து, லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பழைய செட்டுகளுக்கு டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறேன். குரலைப் பெருக்கும் வால்வுகளுக்கும் அதை வானில் அனுப்பும் வால்வுக்கும் நடுவே நிற்கும் இரும்புக் கனம் அது. இரண்டு பக்கத்து இம்பீடன்ஸும், அதாவது ஓம் கணக்கில் அளக்கும் மின் எதிர்ப்பும், பொருந்தாவிட்டால் குரல் என்ன பாடுபடும் என்று, பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரக் கஷாயம்

போர்ட் கொச்சி விஸ்வநாதன் சார், கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் ரேடியோவில் அவரோடு பேசும் ஆலுவா நண்பர், "என்ன, ஜலதோஷமா?" என்று கேட்க ஆரம்பித்தார். சார் வீட்டு மாமி சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு மூன்று வாரம் கஷாயம் கொடுத்தார். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோலவே இருந்தது.

போய்ப் பார்த்தேன். சார் வேறு ரக வால்வு மாற்றியிருந்தார். டிரான்ஸ்பார்மர் ஒயரோ பழைய வால்வுக்கான முனையிலேயே இருந்தது. சரியான ஓம் உள்ள முனைக்கு மாற்றியதும், "சுகமாயிடுச்சே!" என்றார் ஆலுவாக்காரர். மாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்: "கஷாயத்தை அந்தப் பெட்டிக்கே விட்டிருக்கலாம் போலிருக்கே!"

லேபிள் இல்லாத பொருள்

பழம்பொருள் கடைக்காரர் ஒருவர், உடைத்த கப்பலிலிருந்து வந்த டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்தார். லேபிள் இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்து மறுபக்கம் அளந்து, இரண்டு நாள் உட்கார்ந்து எந்த முனைக்கு எத்தனை ஓம் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். இப்படி ஒன்றைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று! அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "சேட்டா, ஹோட்டல்காரங்க இதுல அலங்கார விளக்கு வெக்கணுமாம். மேல ஒரு ஓட்டை போட்டுத் தர முடியுமா?"

ரோஸி சேச்சியின் செட்

வைப்பின் தீவு ரோஸி சேச்சி, கணவர் இறந்தபின் தானே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். கணவரின் செட்டிலேயே பேச வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். டிரான்ஸ்பார்மரும் கணவர் கையால் சுற்றியது. மேலே ஒட்டிய காகிதத்தில் அவருடைய பென்சில் எழுத்து. நான் அவசரத்தில், டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம் எதையும் இணைக்காமலே மைக்கில் பேசிவிட்டேன். நீலப் பொறி, புகை, நாற்றம். அவர் சுற்றிய கம்பி எரிந்துபோயிற்று.

போனில் சொல்ல மனசு வரவில்லை. படகேறிப் போய்ச் சொன்னேன். சேச்சி, "திரும்பச் சுத்த முடியுமா?" என்று மட்டும் கேட்டார். கணவர் சுற்றிய சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்து, அதே கணக்கில் புதுக் கம்பி சுற்றி, பென்சில் காகிதத்தை மேலே ஒட்டிக் கொண்டுபோனேன். சேச்சியின் முதல் அழைப்புக்கே, குரல் கணீரென்று இருப்பதாகப் பதில் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "மோனே, அவரும் இதை ரெண்டு தடவை எரிச்சிருக்காரு. நாத்தத்தை வெச்சுத்தான் எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் சொன்னதில்ல."

என் மேஜைக்கு வரும் பழைய செட்டுகளில் பாதி தானாகக் கெட்டவை, மீதி என்னைப்போல யாரோ சரி செய்தவை.