லூப் போடாத கிளாரினெட்

நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவள் கிளாரினெட் அக்கா. சரியான வாயாடி. அவளுக்கு நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். இனி மேடையில் ஊதவே கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இசைக்குழு மாஸ்டர் பார்க்க வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷர்கள் சொல்லும் ஆறுதல் இருக்கிறதே, அதுதான் அதிகம் சுடும். அவள் ஓய்வெடுக்கலாம், யாரோ ஊதிப் பதிவுசெய்து விற்கும் கிளாரினெட் ஒலியை விலைக்கு வாங்கி, குழுவில் கீபோர்டு வாசிக்கும் அவள் தம்பியே அதில் வாசித்துவிடுவான் என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எவனோ ஊதினதை என் நாற்காலியில உக்கார வைக்காதீங்க மாஸ்டர். கீபோர்டுல வந்தாலும் என் சத்தம்தான் வரணும்.”

ஒத்திகையில் கேட்போம், சரிப்படாவிட்டால் விலைக்கு வாங்குவதுதான் என்று அவர் கிளம்பிவிட்டார்.

வீட்டில் ஒற்றை ஸ்வரமாக, இளைப்பாறி இளைப்பாறி ஊத மட்டும் மருத்துவரிடம் சண்டைபோட்டு அனுமதி வாங்கினாள். எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரியைத் திறந்துவைத்து, மின்விசிறியை நிறுத்தி, தம்பி பதிவு செய்தான். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. பதிவான ஒவ்வொரு ஸ்வரத்தையும் கீபோர்டில் அதனதன் கட்டையில் ஏற்றிவிடுவான். கட்டையை மெல்லத் தொட்டால் அவள் மெல்ல ஊதியது ஒலிக்கும், ஓங்கி அழுத்தினால் ஓங்கி ஊதியது. அதனால் ஒரே ஸ்வரத்தைப் பல விதமாக ஊத வேண்டியிருந்தது. வியர்த்து வழிய ஊதினாள்.

கடைசியில் லூப் போட வேண்டும் என்றான் தம்பி. ஸ்வரத்தின் நடுப்பகுதியைச் சுழலவிட்டால், விரல் கட்டையில் இருக்கும்வரை சத்தம் நிற்காது. அவள் கூடவே கூடாது என்றாள்.

“லூப் இல்லேன்னா பாதியில நின்னுடும்க்கா.”

“நிக்கட்டும். எனக்கு மூச்சு முடிஞ்சா நிக்கத்தானே செய்யும்? நிக்காம ஊத நான் என்ன ஆலைச் சங்கா?”

மாஸ்டர் வேண்டாமென்றுவிடுவாரோ என்று தம்பிக்குப் பயம். அவளுக்குத் தெரியாமல் லூப் போட்டுத்தான் ஒத்திகைக்குக் கொண்டுபோனான். இழுத்துப் பாடும் மெட்டு அது. கிளாரினெட் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் அடித்தே பழகிய டிரம்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். வயலின் தடுமாறிப் பாதியில் நுழைந்தது. மாஸ்டர் முகத்தைச் சுளித்து, ஒலியை விலைக்கே வாங்கிவிடலாம் என்றார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தம்பியை முறைத்தாள்.

“லூப்பை எடுடா.”

எடுத்தான். மறுபடி வாசித்தான். அறுவைக்கு முன் அவள் ஊதியதைவிடச் சீக்கிரமே ஸ்வரம் தளர்ந்து நின்றது. டிரம்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், குச்சி சரியான இடத்தில் இறங்கியது. வயலின் பின்னாலேயே வந்தது. பாட்டு நடக்க ஆரம்பித்தது. அவளுக்குக் கண் கலங்கியது; துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மாஸ்டருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் முடிவில் திரை இறங்கும்வரை கடைசி ஸ்வரம் நீள வேண்டுமே, அதற்கு மட்டும் லூப் போட்டால் என்ன என்று நைசாகக் கேட்டார்.

“என் மூச்சு அவ்வளவுதான் மாஸ்டர்,” என்றாள் அக்கா. “திரையைச் சீக்கிரம் இறக்கச் சொல்லுங்க.”