கருகாத கிளட்ச்

என் தங்கை மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கும்போது சத்தமே வராது. என் வயிறு எரிய அது ஒன்றே போதும்.

நான் தூக்கினால் எங்கள் டெங்கில் ஊர் முழுக்கத் தெரியும். கிளட்ச்சை அழுத்திப் பிடித்து, எஞ்சினைக் கதறவிட்டு, சட்டென்று கையை எடுப்பேன். சங்கிலி சடாரென்று இழுபடும். முன் சக்கரம் எகிறும், கொஞ்ச தூரம் போகும், தொப்பென்று விழும். பல் கிட்டித்துப்போகும். அவளோ உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். வலது கால் பின் பிரேக்கின்மேல் லேசாக இருக்கும். கிளட்ச்சைத் தொடவே மாட்டாள். ஆக்ஸிலேட்டரை ஒரு திருகு, உடம்பைப் பின்னால் ஒரு சாய்ப்பு, சக்கரம் தானாக எழுந்து நிற்கும். அப்படியே யார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாவகாசமாகப் போவாள், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் சக்கரத்தைத் தரையில் வைப்பாள். பார்க்கிறவர்கள் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு ஓடுவார்கள். என் முறை வரும்போது எல்லாருக்கும் தாகம் எடுத்துவிடும்.

அந்த யார்ட் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய லோரி நிறுத்துமிடம். வார இறுதியில் காலி. உரிமையாளரிடம் கேட்டுத்தான் பழகுகிறோம், பொதுச் சாலையில் இந்த வேலையைச் செய்தால் போலீஸ் வண்டியோடு நம்மையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். முதலில் அங்கே போனது நான். அதை யாரும் மறக்கக்கூடாது. வாரம் முழுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டு, சனி ஞாயிறு எப்போது வரும் என்று கிடந்தவள் நான். அவள் எனக்குத் தண்ணீர்ப் போத்தல் பிடிக்க வந்தவள். "ஒரு தடவ பாக்குறேங்கா" என்று ஏறினாள். அன்று காலையிலேயே அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு இன்னும் வந்தபாடில்லை.

பிறகு என் வண்டியைப் போலவே ஒன்றை வாங்கினாள். அதே மாடல், நிறம் மட்டும் வேறு. கோயிலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய நாளிலிருந்து அதைக் கைக்குழந்தைபோல் வைத்துக்கொண்டாள். பழைய பல்துலக்கியால் சந்து பொந்தெல்லாம் தேய்ப்பாள். எஞ்சினில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இரண்டு வண்டிகளையும் பார்ப்பது கிள்ளானில் ஒரே போமன். எங்கள் ஊரில் மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"என்னம்மா, மறுபடியும் கிளட்ச்சா? பிளேட்டு அப்பளம் மாதிரி கருகிருச்சு லா. சங்கிலியும் நீண்டுபோச்சு. முன்னால ஃபோர்க்குல எண்ணெ ஒழுகுது. நீ ஓட்டுறியா, இல்ல வண்டிய மாடியிலேர்ந்து தூக்கிப் போடுறியா?"

"வண்டி அப்படிண்ணே. முன்பக்கம் கனமா இருக்கு."

"ரெண்டும் ஒரே வண்டிம்மா. தங்கச்சி வண்டிய பாரு, பின் பிரேக் பேடு மட்டும் மாத்துனா போதும்."

ஒரே வண்டியாம். எந்த இரண்டு வண்டி ஒன்றாக இருந்திருக்கிறது? என்னுடையதில் கிளட்ச் ஒரேயடியாகக் கவ்வும், முன்பக்கம் மூட்டை கட்டியதுபோல் இருக்கும். அவளுக்கு நல்ல வண்டி அமைந்துவிட்டது, எனக்கு அமையவில்லை. இதை நான் மனதார நம்பினேன். நம்பியதால்தான் ஒவ்வொரு வாரமும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கிள்ளானில் மோட்டார் கண்காட்சி வந்தது. எங்கள் குழுவை நடத்தும் அண்ணன் ஒரு பெண் ஓட்டுநர் வேண்டும் என்றார். தடுப்புக்குள் திடலின் நீளம் முழுக்கச் சக்கரத்தை இறக்காமல் போகவேண்டும். சொல்லும்போதே அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நானும் சிரித்துவைத்தேன். கன்னம் வலித்தது.

கண்காட்சிக்கு முந்தைய நாள் சனிக்கிழமை, கடைசிப் பயிற்சி. அவள் ஒரு நீண்ட சுற்றுப் போய்வந்து, எஞ்சினை அணைக்காமல் ஹெல்மெட்டைக் கழற்றினாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கைதட்டலுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று வந்தது. போன வாரம் அது இல்லை. அவள் வண்டியை என் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள், உற்றுக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. பொறாமைக்காரிக்குக் காது கூர்மை.

விஷயம் என்னவென்று அப்போதே பிடிபட்டுவிட்டது. மூக்கைத் தூக்கிக்கொண்டே நெடுநேரம் போனால் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயெல்லாம் பின்பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். மேலே இருக்கும் பாகங்கள் எண்ணெய் இல்லாமல் ஒன்றையொன்று தின்னும். என்னைப்போல் எகிறி விழுகிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு, சக்கரம் மேலே நின்றால்தானே! நீண்ட நேரம் தூக்குகிறவர்கள் குறித்த அளவுக்கு மேலே கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவைப்பார்கள். அப்படி ஊற்றினால் அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் துப்பும், அசிங்கமாகும். என் தங்கையா அதைச் செய்வாள்? அளவுக்கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவாள்.

"நாளைக்கு இந்த வண்டிய எடுக்காத. மேல சத்தம் வருது. உள்ள தேயுது."

அவள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கேக்குமே. உனக்கு மட்டும் நல்லா கேக்குமே. உனக்குப் பொறாமக்கா."

"ஆமா, பொறாமதான். அதுக்காக எனக்குக் காது செவிடா?"

அண்ணனும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "சின்ன சத்தம்தான் லா, ஞாயித்துக்கிழமை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். மற்றவர்கள் என்னைப் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முன் சக்கரம் மேலே இருக்கும்போது எஞ்சின் இறுகினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அவள் முகம் தாரில் போய் இடிக்கும். அவளை எனக்குப் பிடிக்கவில்லை, சரி. அந்த முகம் என் கண்முன்னே கிழிவதைப் பார்க்க நான் என்ன பேயா?

வீட்டுக்கு வந்ததும், பொழுது சாயும் முன், அம்மாவின் வெள்ளைத் தட்டு இரண்டை எடுத்துவந்து முன்வாசலில் வைத்தேன். அவள் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய்த் திருகைக் கழற்றினேன்.

"ஏய், என் வண்டியத் தொடாத!"

"பேசாம நில்லு."

ஒரு தட்டில் அவள் வண்டி எண்ணெய். இன்னொன்றில் என்னுடையது. என்னுடையது தார்போலக் கறுப்பு, கிளட்ச் கருகிய வாடை மூக்கைப் பொசுக்கியது. அவளுடையது தேன் நிறத்தில் பார்க்க அழகாக இருந்தது. அவள் என்னை வெற்றியோடு பார்த்தாள். நான் தட்டை வெயிலுக்குச் சாய்த்தேன். எண்ணெய் முழுக்க மினுமினுத்தது, சேலையில் சம்கி கொட்டியதுபோல. விரலால் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்று இரும்பு.

அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு எல்லாரும் வருவாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். உள்ளேயிருந்து வந்த அம்மா, "அடிப்பாவிங்களா, அது என் பலகாரத் தட்டு!" என்று கத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "அப்ப உன் வண்டியக் குடு."

"குடுக்க மாட்டேன்" என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் தோன்றியது. என் வண்டி! கவ்வுகிற கிளட்ச், கனமான முன்பக்கம். அதில் ஏறி நாளைக்கு இவள் தூக்கிக் காட்டட்டும். இவளும் தொப்பென்று விழட்டும், சத்தம் போடட்டும், சங்கிலியைச் சடசடக்க விடட்டும். குறை வண்டியில்தான் என்று ஊரே பார்க்கட்டும். பெரிய மனசெல்லாம் ஒன்றும் இல்லை. என் வண்டியில் புது எண்ணெயை அளவுக்கோட்டுக்கு மேலேயே ஊற்றிச் சாவியைக் கையில் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். நான் தடுப்பை ஒட்டி நின்றேன். அம்மா பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு முணுமுணுத்தார். அவள் என் வண்டியில் மெதுவாக வந்தாள். அவள் இடது கையையே பார்த்தேன். இப்போது கிளட்ச்சைப் பிடிப்பாள், இப்போது பிடிப்பாள் என்று காத்திருந்தேன். விரல் ஒன்றுகூட அசையவில்லை. உடம்பைச் சாய்த்தாள். என் வண்டி, எனக்கு ஒருநாளும் பணியாத சனியன், சொன்ன பேச்சுக் கேட்கும் நாய்க்குட்டிபோல் எழுந்து நின்றது. திடலின் நீளம் முழுக்க அப்படியே போனது. அந்தக் கோடியில் சக்கரம் தரையைத் தொட்டபோது நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கத்திய பிறகுதான் சக்கரத்தை இறக்கிவிட்டாள் என்றே தெரிந்தது.

அம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற ஆன்டி, "தங்கச்சியா? பெருமையா இருக்கும்ல" என்றார். தலையாட்டினேன்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என்னிடம் விட்டாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. மனசில் ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னாள். "அக்கா, நல்ல வண்டிக்கா இது. என்னோடதவிட லேசா எழும்புது. நீ ஏன் கொற சொல்ற?"

சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டாள். நான் குனிந்து கிளட்ச் மூடிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். நான் ஓட்டி இறங்கினால் எப்போதும் வரும் அந்தக் கருகல் வாடை கொஞ்சமாவது இருக்கும் என்று மறுபடியும் மோந்து பார்த்தேன். இல்லவே இல்லை.