பி ஊரில் நிற்காத வண்டி

சுகாதாரச் சமத்துவ ஆராய்ச்சி என்பது, யாருக்கு வைத்தியம் கிடைக்கவில்லை என்று தேடிப்போய், ஏன் கிடைக்கவில்லை என்று அவர்களையே கேட்டு, பதிலை டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிற தொழில். இந்தத் தொழிலில் என்னோடு மாரடிக்கும் ஆராய்ச்சி மாணவர்களே, புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது என்று தெரிந்தே வெயிலில் அலைகிற தோழர்களே, நாய் துரத்திய கதையும் நெட்வொர்க் கிடைக்காத கதையும் உங்களிடமே நிறைய இருக்கும். நான் சொல்லப்போவது ஒரு வேனையும் ஒரு காலையும் பற்றி. எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

மாமாவின் சந்தேகம்

வேலை கிடைத்த அன்று சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் 'ஹெல்த்' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. கீழவீதியிலிருந்து மாமா அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையோடு வந்துவிட்டார். ஒன்றைப் பாதியாக உடைத்துப் போடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, முடித்தாலும் பிஎச்.டி. டாக்டர்தான் என்றேன். ஏழைக்கும் வசதியானவருக்கும் வைத்தியம் ஏன் வேறு வேறு மாதிரி கிடைக்கிறது என்பதைப் படிக்கிற வேலை என்று விளக்கமும் சொன்னேன்.

மாமா அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டபோதுதான் கேட்டார்: "ஊசி போட மாட்டே, மாத்திரை குடுக்க மாட்டே. ஏன் ஒனக்கு ஊசி போடலன்னு மட்டும் போயி கேட்டுட்டு வருவே. இதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களா?"

குலுக்கல்

எங்கள் ஆய்வு இதுதான். குமராட்சிப் பக்கம் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வது. ஒன்றுக்கு வாரத்தில் இரண்டு நாள் இலவச வேன் விட்டு, சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது. இன்னொன்றுக்கு எதுவுமே செய்யாமல், என்ன ஆகிறது என்று கவனிப்பது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு, வண்டி இருந்தால் நல்லதா என்று உலகத்துக்கு அறிவிப்பது. எங்கள் தொழிலில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது. ஏ ஊர், பி ஊர், அவ்வளவுதான்.

எந்த ஊருக்கு வண்டி என்பதைத் தீர்மானிக்கச் சென்னையிலிருந்து எங்கள் கைடு வந்திருந்தார். என் பிஎச்.டி.க்கு வழிகாட்டியும் அவரே, புராஜெக்டுக்குத் தலைவரும் அவரே. ஆகவே என் வாழ்க்கையின் முக்கால் பாகம் அவருடைய கையெழுத்தில் இருந்தது. மேலவீதியில், ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். அங்கே ஒரு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்தார். கொள்ளிடக் கரையோரம் உள்ளே தள்ளி இருந்த ஊருக்கு வண்டி விழுந்தது. அந்த ஊருக்குப் போக ஒரே ரோடு. அது பி ஊரின் நடுவே போகிறது. அதாவது, வண்டி கிடைக்காத ஊரின் வாசல் வழியாகத்தான் வண்டி ஒவ்வொரு தடவையும் போய்வரவேண்டும். சார், இது கொஞ்சம் உறுத்துகிறதே என்றேன்.

கைடு சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இதுதாம்மா குலுக்கலோட அழகு. நாளைக்கு யாரும் நம்மளக் கேள்வி கேக்க முடியாது."

மிகக் கடினம்

பி ஊரில் நான் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் அஞ்சலை அக்கா. நடவு வேலைக்குப் போகிறவர். புருஷன் இல்லை. மகள் சுமதி குமராட்சியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. நான் அங்கே போயிருந்த வாரம் சம்பா நடவு மும்முரம். வயல் சேற்றில் நத்தை ஓடு குத்தி வலது பாதத்தில் கிழித்திருந்தது. சர்க்கரைக் காலில் உணர்ச்சி இல்லாததால் சாயந்தரம் கால் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டு, பழைய புடவைத் துணியால் கட்டி, மறுநாளும் சேற்றில் இறங்கிவிட்டார். நான் போனபோது கட்டைத் தாண்டி வாடை வந்தது.

ஆய்வு விதிப்படி ஒரு போட்டோ எடுத்தேன். எடுக்கலாமா என்று கேட்டு, ஒப்புதலுக்கு விரல் ரேகையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த கேள்வியை வாசித்தேன். மருத்துவமனைக்குச் செல்வது உங்களுக்கு எளிதா, கடினமா, மிகக் கடினமா? மினிபஸ்ஸைப் பிடித்து, இறங்கி, டவுன் பஸ் மாறி, அங்கிருந்து நடந்து, வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் வேலை போச்சு என்று அக்கா சொன்னார். நான் மிகக் கடினத்தைத் தொட்டேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டி டேப்லெட்டைப் பார்த்தார்.

"ஜாஸ்தி கஷ்டம்னு போட்டுட்டியா பாப்பா? அப்ப எங்களுக்கும் அந்த வண்டி வந்துடும் இல்ல?"

பிரேக்

வேன் ஓட்டியவர் கலியபெருமாள். முன்பு மினிபஸ் ஓட்டியவர். பி ஊரில் நிறுத்தக் கூடாது, யாரையும் ஏற்றக் கூடாது, காலி சீட்டு இருந்தாலும் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் கலப்படம். வண்டி கிடைக்காத ஊருக்குக் கொஞ்சம் வண்டி கிடைத்துவிட்டால் ஒப்பீடு கெட்டுப்போகும். பாலில் தண்ணீர் கலந்தால் கலப்படம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சீக்காளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கலப்படம் என்பதை இந்தப் படிப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் வாரம் பி ஊர் ஜனங்கள் ரோட்டோரம் நின்று கை காட்டினார்கள். இரண்டாவது வாரம் திட்டினார்கள். அதற்குப் பிறகு அஞ்சலை அக்கா மட்டும், காலில் துணிக்கட்டோடு, புளியமரத்தடியில் நின்றார். ஒருநாள் நானும் வேனில் இருந்தேன். பின்னால் மூன்று சீட்டு காலி. அக்கா கை காட்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து டேப்லெட்டைத் துடைத்தேன். கலியபெருமாள் ஊர் எல்லையைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி முகம் கழுவிவிட்டு வந்தார்.

"மேடம், மினிபஸ் ஓட்டுன காலு இது. கை காட்டலன்னாலும் ஆளப் பாத்தா தானா பிரேக்குக்குப் போவுது. அதப் புடிச்சி வச்சிக்கிறதுக்கே எனக்கு உசுரு போவுது. இந்தப் பாவத்த எந்த டம்ளர்ல போட்டு குலுக்குனாரு ஒங்க சாரு?"

ஸ்கூட்டி

மறுநாள் என் ஸ்கூட்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். டவுனில் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, சீழை எடுத்து, கட்டுப் போட்டார். இப்போதே வந்தது நல்லது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினால் ஆறிவிடும், சேறு தண்ணீர் படக் கூடாது, விட்டால் கால் போகும் என்றார். இரண்டாவது கட்டுக்கும் நானே கொண்டுபோனேன். மூன்றாவதுக்கும் போனேன். புண் சிவந்து ஆற ஆரம்பித்திருந்தது. திரும்பி வரும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, சுமதிக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

கைடிடம் நானே போன் செய்து சொன்னேன். மறைத்தால் அது வேறு தப்பு. மேலும், நடந்ததைக் கேட்டால் அவரும் மனம் இளகி பி ஊர்ச் சீக்காளிகளை மட்டுமாவது ஏற்றச் சொல்வார் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே நினைக்கக்கூடிய முட்டாள்தனம் இது. சமத்துவத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர் கொஞ்சமாவது அதை நம்புவார் என்று நினைத்துவிட்டேன். மறுநாளே என்னைக் கடலூருக்கு மாற்றினார். புள்ளிவிவரம் சரிபார்க்கிற வேலை, களத்துக்குப் போகக் கூடாது, மீறினால் பிஎச்.டி.யை வேறு எங்காவது முடித்துக்கொள்ளலாம் என்றார். போகும்முன் சுமதியைப் பார்த்து, லீவு போட்டாவது அம்மாவைக் கட்டுக்குக் கூட்டிப்போ என்று கெஞ்சிவிட்டு வந்தேன். அக்காவை என்ன செய்வது சார் என்று கைடிடமும் கேட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. "நல்ல காரியம்தாம்மா பண்ணியிருக்க. ஆனா ஒன்னோட நல்ல காரியத்தால அந்தம்மா இனிமே நம்ம ஆய்வுலயே இல்ல."

நல்ல போட்டோ

ஐப்பசி மழையில் கொள்ளிடம் கரை தட்டி ஓடியது. தாழ்வான ரோடுகளில் தண்ணீர் ஏறி மினிபஸ் நின்றுபோனது. லீவு கேட்டதற்குக் கடையில் சுமதியை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள். எங்கள் வேன் உயரமான வண்டி. அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பி ஊர் வழியாக ஏ ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தது. கடலூரில் உட்கார்ந்துகொண்டு நான் தினமும் சுமதிக்குப் போன் செய்தேன். முதலில் அக்காவின் கால்விரல் இரண்டு போனது. பிறகு சுமதி போனை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

தை மாதம் கடலூரில் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல் ஹாலில் கருத்தரங்கு. தலைப்பு, யாரையும் விட்டுவிடாத சுகாதாரம். வாசலில் ஆள் உயரத்துக்கு போஸ்டர். அதில் அஞ்சலை அக்காவின் பாதம். நான் எடுத்த போட்டோதான். ஆய்விலிருந்து நீக்கியவரின் கால் போஸ்டருக்கு மட்டும் ஆகுமா என்று கைடிடம் கேட்கப் போனேன். அவர் மேடையில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சுமதி கூப்பிட்டாள். கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள், அம்மா மயக்கம் தெளிந்ததும் செருப்பு எங்கே என்று கேட்டது என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அந்த போஸ்டரின் அடியில் உட்கார்ந்து அழுதேன். போஸ்டரில் கால் இன்னும் முழுசாக இருந்தது.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு மாணவி, என்னை மாதிரியே புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவள். என் முகத்தைக் கவனிக்காமல் போஸ்டரையே பார்த்துச் சொன்னாள்: "செம இம்பாக்ட் மேடம். எனக்கெல்லாம் ஃபீல்டுல இந்த மாதிரி ஒரு கேஸ் மாட்டவே மாட்டேங்குது."

முடிவு அறிவிப்பு

ஆய்வு முடிந்ததும் அதன் முடிவை ஊராரிடமே போய்ச் சொல்லவேண்டும் என்பது எங்கள் தொழிலின் மரியாதை. சித்திரை வெயிலில் பி ஊரில் பந்தல் போட்டு, இரண்டு ஊர் ஜனங்களையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தோம். கைடு மைக்கைப் பிடித்தார். வண்டி வந்த ஊரில் மக்கள் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போனார்கள், வராத ஊரில் போகவில்லை, ஆகவே வண்டி நல்லது என்று ஆய்வில் நிரூபணமாகிவிட்டது என்றார். யாரும் கை தட்டவில்லை. சரி, அப்படியானால் இனிமேல் எங்களுக்கும் வண்டி உண்டா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். புராஜெக்ட் முடிந்துவிட்டது, போன வாரமே வண்டியை ஒப்படைத்துவிட்டோம், இனி ஏ ஊருக்கும் கிடையாது என்றார் கைடு. கலியபெருமாளுக்கும் வேலை போய்விட்டது. அவர் புளியமரத்தடியில், அக்கா நிற்கும் அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அஞ்சலை அக்கா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகட்டை சாத்தியிருந்தது. சுமதி வரவில்லை. வரன் வீட்டார் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். நான் அக்காவின் எதிரே போய் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பேசியது என்னிடம் இல்லை. மைக்குக்குக் கேட்கிற குரலில், கைடைப் பார்த்துக் கேட்டார்.

"சார், வண்டி வந்த ஊருலயும் நான் இல்ல. வண்டி வராத ஊருலேருந்தும் என்ன எடுத்துட்டீங்களாமே. அப்ப எங்காலு எந்தக் கணக்குல சார் போச்சு?"

இன்று குமராட்சிப் பக்கம் ஏ ஊருக்கும் வண்டி இல்லை, பி ஊருக்கும் வண்டி இல்லை. இத்தனை வருஷ ஆராய்ச்சியில் நான் கண்ணால் பார்த்த சுகாதாரச் சமத்துவம் இது ஒன்றுதான்.