வாசுகி அக்காவின் கறுப்புக் காடி

செய்தி நம் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மேலே ஒரு மெஷின் பழுது, கீழே அடுத்த வார ஷிப்ட் மாற்றம். இரண்டுக்கும் நடுவில், "ஸ்டோர் வாசுகி இன்று காலை தவறிவிட்டார்" என்று ஒரு வரி. அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சூப்பர்வைசர் வந்து, "மெஷின் ஓடலையே, எதைப் பார்த்துக்கிட்டு இருக்க?" என்று கேட்ட பிறகுதான் சுவிட்சையே போடாமல் நின்றிருந்தது தெரிந்தது.

பாயான் பாருவில் நம் தொழிற்சாலை ஸ்டோரில் சாமான் எடுக்கப் போன யாராலும் அவரை மறக்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சென்சார் கேட்டு அவருடைய கவுன்டரைத் தட்டினேன். லைன் நிற்கிறது, அவசரம் என்று கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவசரம்னு ஒரு சாமான் என் ரேக்குல இல்ல தம்பி. எதுக்குன்னு சொல்லு, எடுத்துத் தர்றேன்." எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அப்படி நேராகக் கேட்பது எனக்குப் பிடிக்கும் என்பதும் பிறகு புரிந்தது. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களோடு என்னால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. அவரோடு மணிக்கணக்கில் உட்கார முடிந்தது.

சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவருடைய அண்ணன் முரளி தன் வேனில் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. கதவைத் திறந்துவிடுவார், பையைத் தூக்குவார், அக்கா வாயைத் திறக்கும் முன்பே நர்ஸுக்குப் பதில் சொல்லிவிடுவார். அக்காவுக்கு இதுதான் தாங்கவில்லை. "எனக்கு எப்படி இருக்குன்னு அவன்கிட்ட கேக்குறாங்க தம்பி. நான் என்ன பார்சலா?" என்றார். தன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நாளாவது தான் வண்டி ஓட்ட வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசையாகிவிட்டது.

அதற்காகத்தான் அந்தக் கறுப்புக் காடியை வாங்கினார். பழைய கார்தான், வாங்கியது மழை பெய்த ஒரு சாயங்காலம். நனைந்த கறுப்புக் காடி எல்லாமே புதுக் காடி மாதிரிதான் தெரியும். என்னைக் கூட்டிப் போயிருந்தால் வாங்க விட்டிருக்க மாட்டேன். மறுநாள் மத்தியான வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது மாதிரி வட்ட வட்டமாக நுண்கீறல்கள். அழுக்குத் துணியால் வருஷக்கணக்கில் தேய்த்திருக்கிறார்கள். முரளி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, கறுப்பு வேறு, கீறல் வேறு, இந்த உடம்போடு இனி உனக்கு எதற்குக் காடி என்று கேட்டிருக்கிறார். ஏறவும் மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காடி பாலிஷ் செய்வது அக்காவுக்குத் தெரியும். என்னிடம் வந்து ஒரே வாக்கியம் சொன்னார்: "அவன் ஏறணும், அது மாதிரி பண்ணிக் குடு."

கருவி வைத்து பெயின்ட்டின் கனத்தை அளந்தேன். நிலைமை சரியில்லை. யாரோ ஏற்கெனவே மெஷின் போட்டுக் கன்னாபின்னாவென்று தேய்த்திருந்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். கீறல் தனியாகப் போகாது, பெயின்ட்டுக்கு மேலே, அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பூச்சைச் சீவி எடுத்தால்தான் போகும். இருப்பதே கொஞ்சம். முழுக்க எடுத்தால் நம் ஊர் வெயிலுக்கு மூன்று வருஷத்தில் பெயின்ட் உரிய ஆரம்பிக்கும். பாதியோடு விட்டால் இன்னும் பல வருஷம் நிற்கும்.

"மூணு வருஷமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதுக்கப்புறம் அது முரளியோட தலைவலி லா. நீ முழுசா எடு."

எத்தனையோ மேனேஜர்களிடம் 'சரியாக என்னதான் வேண்டும்' என்று கேட்டிருக்கிறேன். யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. திரும்பி, பாலிஷ் படாமல் இருக்கக் கதவு ரப்பர்களில் டேப் ஒட்ட ஆரம்பித்தேன்.

அவருடைய ஃபிளாட்டின் கீழே, நிழலில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயில் ஒரு ஐஸ்கட்டியை அடக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் அவருக்கு. நான் பாட்டிலைத் தூக்கக் கூச்சப்பட்டபோது, "குடி, எனக்கும் சேத்துக் குடி" என்றார். பானெட்டில் பாதியை முடித்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் சாம்பல் பூத்த மாதிரி. இன்னொரு பக்கம் கறுப்பு, அதில் மேல்மாடியில் காயும் துணிகள்கூடத் தெரிந்தன. அக்கா குனிந்து தன்னைப் பார்த்தார்.

"மூஞ்சி வீங்கியிருக்கு," என்றார். "யாருமே சொல்லல."

"ஆமாக்கா. போன மாசத்துல இருந்தே," என்றேன்.

"நீ ஒருத்தன்தான்டா ஒழுங்கா பதில் சொல்ற," என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார். நான் மெஷினை மறுபடி ஓடவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் முரளி அண்ணன் வந்தார். குறை கண்டுபிடிக்கிறவர் மாதிரியே காடியைச் சுற்றி நடந்தார். கதவில் தன் முகத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அக்கா பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றார். அண்ணன் நானே ஓட்டுகிறேன் என்றார். "சாவி என்கிட்ட இருக்கு. நீ ஏறு." அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மெஷின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏறிவிட்டார்.

அன்றைக்கு எங்கே போனார்கள் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கருமக்கிரியை அன்று, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, முரளி அண்ணன்தான் சொன்னார். கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் சுங்கை பாக்காப் ஊர் வரைக்கும் சும்மா போய்த் திரும்பினார்களாம். "வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே வந்தேன் தம்பி. வீட்டுல சண்டை, மவன் படிப்பு, எல்லாத்தையும் அவகிட்ட கொட்டுனேன். அவ லாரிக்காரனைத் திட்டிக்கிட்டே ஓட்டுனா. வீட்டுக்கு வந்து எறங்குனப்புறம்தான் அவ நோயாளின்னு ஞாபகமே வந்துச்சு." அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரே போய் ஏறி உட்கார்ந்துகொள்வாராம். சொல்லி முடித்ததும் எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசைகளை மடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

நான் சொன்ன மூன்று வருஷம் இன்னும் ஆகவில்லை. பெயின்ட் உரியவில்லை.

நம் தொழிற்சாலையில் அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஒரு பேச்சாவது மிஞ்சியிருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு வேலை முறை. யாராவது எதையாவது கொண்டுவந்து சரிசெய்து தரச் சொன்னால், இது இத்தனை நாள் நிற்கும் என்று உள்ளபடி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எத்தனை நாள் போதும் என்பதை அவர்கள் சொல்லட்டும்.