மீன் தொடாதவன் விற்ற தங்கூசி

தூண்டில் சாமான் கடைக்கு வருகிறவர்கள் பிடித்த மீனைப் பற்றிக் கதைப்பது குறைவு. தப்பிப்போன மீனைப் பற்றித்தான் கதைப்பார்கள், அது தப்பினதுக்குக் குற்றவாளி எப்போதும் தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூல், அந்தத் தங்கூசியை விற்ற பாவி நான். கடையில் நின்று வயிறு வளர்த்தவர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற உங்களுக்குத்தான் இது விளங்கும். எண்பதுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஒக்லாந்தில், ஒடாஹுஹுக் கடைத்தெருவில் ரொன் என்ற வெள்ளைக்காரரின் கடையில் நான் நின்ற முதல் மூன்று மாதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று பக்கமும் கடல்

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தையல் சாமான் கடையில் வேலை. நூல், ஊசி, லேஸ், பொத்தான். கடை எரிந்துபோனது. நான் இங்கே வந்து சேர்ந்தேன். மனைவி மலரும் மகளும் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால், எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று ஒரு முதலாளி கடிதம் தரவேண்டும். அந்த ஒரு தாளுக்காக நான் எந்தக் கடையிலும் நிற்கத் தயார்.

ரொன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: மீன்பிடி தெரியுமா? நானோ பரம்பரைச் சைவம். மீன் சந்தையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவன். "யாழ்ப்பாணத்துக்கு மூண்டு பக்கமும் கடல்" என்றேன். பூகோளப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ரொன் என் கையைப் பிடித்துக் குலுக்கி இங்கிலிஷில் சொன்னதை எங்கள் பாஷையில் தருகிறேன்: "மூண்டு மாதம் நில், சிவா. எனக்கு மீன் தெரிஞ்ச ஆள்தான் தேவை. சரிவந்தால் கடிதம் தாறன்."

மாடு கட்டுகிற கயிறு

முதல் கிழமையே டோரீன் வந்தா. பென்ஷன் எடுக்கிற வயது, வாகனம் ஓடாத பழைய மாங்கரே பாலத்தில் கிழமைக்கு நாலு நாள் தூண்டில் போடுகிற மனுசி. அவவுடையது பென்சில் மாதிரி ஒரு தடி, கைக்குள் அடங்குகிற ரீல். சட்டியில் முழுதாகக் கிடக்கிற மீன்தான் அவவுக்கு மீன்; ஊசி மாதிரி ஒல்லியான முரல் மீன் கிடைத்தால் பெருநாள். "நல்ல தங்கூசியாப் பார்த்துச் சுத்தித் தா" என்றா. தையல் கடையில் நல்ல நூல் என்றால் அறாத நூல். நான் பத்துக் கிலோ தாங்குகிறதை எடுத்து, ரீல் விளிம்பு வழிய வழியச் சுற்றிக் கொடுத்தேன். ஒரு முழம் கூடப் போனால் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம்தானே என்று எனக்குப் பெரிய நினைப்பு.

மறுநாள் காலமை மனுசி வாசலில் நின்றா. ரீலைச் சுற்றித் தங்கூசி தலைவிரி கோலமாகக் கிளம்பி நின்றது. அந்தத் தடித்த தங்கூசி சின்ன ரீலில் படியவே இல்லை, சுருள் சுருளாக வெளியே பாய்கிறது, எறிகிற இரை அவவின் காலடியிலேயே விழுகிறது. பின்னறையில் இருந்து ரொன் எட்டிப் பார்த்தார். டோரீன் கத்தவில்லை. ரீலை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா: "இதில நான் ஒரு மாட்டைக் கட்டலாம், மகன். எனக்கு முரல்தான் வேணும்."

ஊசிக்குத் தக்க நூல்

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. கடையில் இருந்த எல்லாத் தங்கூசியையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக விரலில் சுற்றிப் பார்த்தேன். விட்டதும் சில உடனே நேராகின. சில விரலின் வளைவை விடாமல் சுருண்டே கிடந்தன. எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. சட்டைத் துணிக்குத் தோல் தைக்கிற நூலைக் கொடுத்தவன் நான். துணியையும் ஊசியையும் பார்க்காமல் நூல் கொடுக்கிறவர் உண்டா? தடி, ரீல், இரை எல்லாம் மெல்லிசு என்றால் தங்கூசியும் மெல்லிசாக, மிருதுவாக இருக்கவேண்டும்.

டோரீனுக்கு இரண்டு கிலோ தாங்குகிற தங்கூசியில் ஆக மிருதுவானதை எடுத்தேன். தையல் மெஷின் பொபினில் நூலை விளிம்பு மட்டும் நிரப்பக் கூடாது, சிக்கும். அதே மாதிரி விளிம்புக்கு ஒரு நூலளவு கீழே நிறுத்தினேன். சுற்றும்போது ஈரத் துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றினேன். மனுசி அதைச் சந்தேகமாகப் பார்த்தா. "இது என்ரை தலைமயிரை விட மெல்லிசு. அறுந்தால் உன்ரை தலைமயிரைத்தான் கேப்பன்."

சமையல் குறிப்பு

அறவில்லை. அதுதான் வினை. வெள்ளிக்கிழமை டோரீன் ஈரப் பேப்பரில் சுற்றின ஏழு முரல் மீனை எனக்குப் பரிசாகக் கொண்டுவந்தா. ரொன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை விரதக்காரன், ஏழு மீனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ரயில் மாறி நான் தங்கியிருந்த ரானுயிக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு சீற்றில் போய் இருந்தா. பக்கத்து வீட்டுச் சமோவாக் குடும்பத்திடம் பார்சலைக் கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன். அதோடு இரண்டு தரம் தலை முழுகினேன்.

திங்கட்கிழமை டோரீன் பேனையும் கொப்பியுமாக வந்தா. எப்படிச் சமைத்தாய் என்று கேட்டா. எனக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மலரின் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. கண்ணை மூடிக்கொண்டு அதையே சொன்னேன், கத்தரிக்காய் வருகிற இடமெல்லாம் மீன் என்று போட்டு. காம்பை வெட்டி எறிய வேணும், நாலாகக் கீற வேணும், மஞ்சளும் உப்பும் பூசிப் பொரிக்க வேணும், கடைசியில் டின் தேங்காய்ப்பால். மனுசி எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிமிர்ந்து பார்த்தா. பிறகு குனிந்து எழுதினா. "சரி, மகன். நீ சொன்ன மாதிரியே செய்து பாக்கிறன்."

மவுண்ட் ஆல்பர்ட்காரர்

ஒரு சனிக்கிழமை கடை நிறைந்த நேரம் ஒருவர் நேரே என்னிடம் வந்து தமிழில் பேசினார். மலேசியாக்காரர், பெயர் பிரான்சிஸ், மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு. "மீன் பத்தி எல்லாம் தெரிஞ்ச தமிழர் ஒருத்தர் இங்க இருக்கார்னு பாலத்துல ஒரு வெள்ளைக்கார அம்மா சொன்னாங்க. நீங்கதானே?" இரண்டு மாதமாகக் கடையில் தமிழ் கேட்காத காது. அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்து உண்மையைக் கொட்டிவிட்டது. மீனை இதுவரை தொட்டதே இல்லை, சாப்பிட்டதும் இல்லை, மனைவி பிள்ளைக்காக நிற்கிறேன் என்று முழுதையும் சொன்னேன். மனுஷர் மேசையில் அடித்துச் சிரித்தார்.

என்ன பகிடி என்று ரொன் வந்து நின்றார். பிரான்சிஸ் சிரிப்பை நிறுத்தாமலே இங்கிலிஷில், இத்தனை வருஷமாகத் தான் பிழையான தங்கூசி வாங்கினதை நினைத்துச் சிரித்தேன் என்றார். ரொன் திருப்தியாகப் போனார். போன உயிர் திரும்பி வந்தது. நான் சுற்றிக் கொடுத்த ரீலை வாங்கிக்கொண்டு வாசலில் திரும்பினார் பிரான்சிஸ். "கவலைப்படாதீங்க சார். நாளைக்கு சர்ச்சுல உங்களுக்கும் சேத்து ஜெபம் பண்றேன்."

யன்னல்

ரொனுக்குத் தன் கடை யன்னலில் பெரிய பெருமை. மஞ்சள், பச்சை, நீலம் என்று தங்கூசி உருளைகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார். பின்னேர வெயில் முழுதும் அதில்தான் விழும். தையல் கடையில் நூற்கட்டையை வெயிலில் வைத்தால் முதலாளி காதைத் திருகிவிடுவார். நூல் உக்கிப் போகும், பார்வைக்குத் தெரியாது, தைத்த பிறகுதான் அறும். நான் யன்னல் உருளை ஒன்றில் ஒரு முழம் இழுத்துச் சுண்டினேன். டக்கென்று போனது. மேசைக்குள் இழுக்கிற லாச்சியில், வெயில் படாமல் இருந்த அதே வகையைச் சுண்டினேன், விரலை வெட்டியது, அறவில்லை.

என் மூன்று மாதம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். மலரின் கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி, முதலாளியின் கடிதம் கிடைத்ததா என்று. ஆனாலும் கெட்ட நூலை ஆளுக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை. கோபுரத்தைக் கழற்றி உள்ளே வைத்து, யன்னலில் தொப்பிகளை அடுக்கினேன். ரொன் வந்து பார்த்தார், முகம் சிவந்தது, எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னார். வைத்தேன். வெயில் நூலைத் தின்னும் என்று மட்டும் மெல்லச் சொன்னேன். அவர் யன்னலில் இருந்து ஒரு உருளையை எடுத்துத் தன் ரீலில் சுற்றத் தொடங்கினார். "ஞாயிற்றுக்கிழமை என்னோடை பாலத்துக்கு வா. மீன் தெரிஞ்ச ஆள் மீன் பிடிக்கிறதை நானும் ஒருக்கால் பார்ப்பம்."

பாலத்தில்

ஞாயிறு காலமை ரொன் யன்னல் தங்கூசியோடு நின்றார், நான் லாச்சியில் இருந்த இரண்டு கிலோத் தங்கூசியோடு நின்றேன். இரையைக் கண்ணை மூடிக்கொண்டு கொளுவினேன். முதலில் ரொனுக்குத்தான் இழுத்தது. கஹவாய், துள்ளித் துள்ளி ஓடுகிற மீன். இரண்டு துள்ளலில் அறுந்தது. இன்னொன்று பிடித்தது, அதுவும் அறுந்தது. அவர் அறுந்த நுனியைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து என் தடி வளைந்தது.

தங்கூசி தாங்கியது. நான்தான் தாங்கவில்லை. ஒரு சின்னக் கஹவாய் என் காலடியில் வந்து விழுந்து அடித்தது. அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டேன். இனி எதை மறைப்பது? "ரொன், நான் மீன் தொட்டதே இல்லை. சாப்பிடுறதும் இல்லை. நான் நூல் கடைக்காரன். கடிதம் தராட்டிலும் பரவாயில்லை, இனி என்னால பொய் சொல்ல ஏலாது" என்றேன். சொல்லும்போதே மகளின் முகம் வந்து நின்றது.

ரொன் குனிந்து மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். சேட்டுப் பையில் இருந்து, இரை போடுகிற பிளாஸ்ரிக் பையில் சுற்றின ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். "இதை எழுதி ஒரு மாதம். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். டோரீன் அந்தச் சமையல் குறிப்பை அடுத்த நாளே கொண்டுவந்து காட்டினாவாம். "முப்பது வருஷமா மீன் பிடிக்கிறன், சிவா. காம்பு உள்ள மீனை நான் இன்னும் காணேல்லை."

நான் பாலத்து ஓரச் சுவரில் இருந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கட்டி வைத்திருந்த பாரத்தை யாரோ முதுகில் இருந்து இறக்கின மாதிரி இருந்தது. பிறகு ஏன் என்னை வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். மீன்பிடிகாரர் கடைக்கு நிறைய வருகிறார்களாம், எல்லாருக்கும் கதைதான் தெரியுமாம். நான் சுற்றின ரீல் அந்த முதல் ரீலுக்குப் பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லையாம். அறுந்த நுனியை இன்னொரு முறை பார்த்துவிட்டு ரொன் தடியை மடக்கினார். "நாளைக்குக் காலமை முதல் வேலை, அந்த யன்னலைக் காலியாக்கு. தொப்பியை வை."

இரண்டு கிலோவுக்கு மேல் தாங்காது என்று பெட்டியில் எழுதியிருந்த அந்தத் தங்கூசிதான், நான் கடையில் சேர்ந்த எட்டாம் மாதம் என் மனைவியையும் மகளையும் மூன்று பெட்டியையும் கொழும்பில் இருந்து இழுத்து ஒக்லாந்தில் கரை சேர்த்தது.