அண்ணன் செய்த கம்பளி வட்டு

அண்ணன் கண்மூடியபோது அம்மாவும் அண்ணியும் பக்கத்து வீட்டு மாமாவும் அருகில் இருந்தார்கள். நான் இல்லை. அரியலூரில் வேலையில் இருந்தேன்.

குரும்பலூரில் பிறந்த அண்ணன், அப்பா தவறியதும் பெரம்பலூர் கண்ணாடிக் கடையொன்றில் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான்; ஏற்றிவிட்டவர் அவர்.

கண்ணாடியின் சாய்வான விளிம்பை, சுழலும் மெத்தை வட்டில் சிவப்புப் பொடி தடவிப் பளபளப்பாக்குவது அவர் வேலை. வெளியூரிலிருந்து வரும் அந்த வட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். நாமே செய்தால் என்ன என்று இறங்கினார். சாக்குத் துணி கண்ணாடியைக் கீறியது. பருத்தி தண்ணீரில் தொய்ந்தது. பிறகு ஆட்டு ரோமத்தைக் கழுவிக் காயவைத்து, சூடான சோப்புத் தண்ணீர் விட்டு மிதித்து இறுக்கி, வட்டமாக வெட்டினார்.

"ஊரே ஆட்டைப் பாத்தா கறின்னு பாக்கும், உங்கண்ணன் ரோமம்னு பாப்பாரு" என்று அண்ணி சிரிப்பார்.

எட்டு மாதம் பாடுபட்டுச் செய்த சிறு வட்டில் தேய்த்த கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. "பெரிய கண்ணாடியில செஞ்சு காட்டு. சரியா வந்தா இனிமே வட்டெல்லாம் ஒங்கிட்டதான்" என்றார் முதலாளி.

அதற்கான ரோமத்தைக் கழுவி என்னிடம் தந்தார் அண்ணன். "கொல்லையில நிழல்ல காயப்போடுடா." எனக்குச் சினிமாவுக்குப் போகும் அவசரம். சீக்கிரம் காயட்டுமென்று சாலையோரம் வெயிலில் விரித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போயின. படிந்த தூசியை உதறிவிட்டு எடுத்துவந்தேன்.

அந்த ரோமத்தில் அண்ணன் செய்த வட்டு முதலாளி முன்னால் சுற்றியது; நானும் கூட இருந்தேன். விளிம்பெல்லாம் கோடு கோடாகக் கீறல்.

"ஆட்டுக்கே சீப்பு கெடையாது, நீ கண்ணாடிக்கு அலங்காரம் பண்ண வந்துட்ட!" என்றார் முதலாளி.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன், சொல்லுடா. எங்க தப்பு?"

"நம்ம பக்கத்து ரோமம் முரடுண்ணே" என்றேன்.

நம்பினார். அதன்பிறகு ரோமத்தைக் கையால் தொடவில்லை.

கடைசியில் அவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். "வேல எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்குண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

உறவினர் எல்லோரும் அறிய இங்கே எழுதுகிறேன்: அண்ணன் செய்த வட்டில் குறையில்லை. தூசியில் போட்டவன் நான்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாமாவுக்கும், காரியங்கள் குறைவின்றி நடக்கத் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பாழான அந்தக் கண்ணாடிக்காக அண்ணன் சம்பளத்தில் முதலாளி பிடித்தது எழுபத்திரண்டு ரூபாய்.