வள்ளக் கோடுகள் இருந்த சுவர்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில், பயணிகள் காத்திருக்கும் மண்டபத்துச் சுவரில் படம் வரைய என்னைக் கேட்டபோது, மயிலும் தாமரையும் வரையமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள் நான்; அந்த இரண்டையும் வரைந்து வரைந்து அலுத்துப்போயிருந்தது. எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு வீட்டு வள்ளத்துக்கும் முன்பக்கத்தில் தனித்தனி நிறக் கோடுகள் உண்டு. தூரத்தில் வரும்போதே கோடுகளைக் கண்டு, வருவது யார் என்று கரையில் நிற்கும் பெண்கள் சொல்லிவிடுவார்கள். அவற்றைத்தான் சுவர் முழுக்கத் தீட்டினேன். தீவுச் சனத்தின் சொந்தக் கைவண்ணம் தீவின் வாசலிலேயே இருக்கட்டுமே என்று ஒரு பிடிவாதம்.

வேலை முடிகிற நேரம் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா வந்தார். மாரியில் கடலுக்குப் போன அவருடைய புருசன் திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. செத்தவருக்கான பூசையை வைக்கச் சொன்ன சொந்தக்காரரோடு அக்கா பேச்சையே நிறுத்தியிருந்தார்.

"எங்கட கோட்டையும் போடும் ரீச்சர். மேல பச்சை, நடுவில மஞ்சள், கீழயும் பச்சை. அவர் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான்."

போட்டேன். அதன் பிறகு பின்னேரங்களில் அதற்குக் கீழே வந்து இருப்பார். கண் கடலிலேயே இருக்கும்.

இறங்குதுறைக் கந்தோருக்குப் புதிதாக வந்த அதிகாரிக்குச் சுவர் பிடிக்கவில்லை. "என்ன ரீச்சர் இது, கோடு கோடா? வெளிநாட்டுக்காரர் வாற இடம். வெள்ளை அடிச்சு, நல்வரவு எண்டு எழுதுவம்."

"வெள்ளை மட்டும் வேண்டாம் சேர். ஆள் செத்தாத்தான் எங்கட சனம் வள்ளத்துக் கோட்டுக்கு மேல வெள்ளை அடிக்கிறது. அங்க ஒரு மனுசி இன்னும் புருசனைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. நீலம் எண்டாலும் அடியுங்கோ."

"சுவருக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். கெஞ்சினேன். கத்தினேன். தேவாலயத்துப் பங்குச் சுவாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி படித்த மனிதர், ஆனாலும் ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. பெயின்ற் வாங்கியாயிற்று என்பதுதான் கடைசிப் பதில்.

வெள்ளை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப் போனேன். பாதிச் சுவர் வெளுத்துவிட்டது. பச்சையும் மஞ்சளும் இருந்த இடம் அந்தப் பாதிக்குள் போயிருந்தது. அக்கா முன்னால் நின்றார். பெயின்ற் அடிக்கிறவரோடு சண்டைக்குப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடும் ரீச்சர். அடிச்சது அடிச்சதுதான்."

"அக்கா, இது கந்தோர் ஆக்கள் தெரியாமல் செய்தது."

"ஓம், தெரியும்," என்றார். அழவில்லை. "சுவாமியிட்டப் போய்ப் பூசைக்குச் சொல்லப்போறன். தனியப் போக ஏலாது. நீரும் வாரும்."